ஆறாவது நாற்காலி

அன்று கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர் சேவியர், கோயில் வேலை பார்க்கும் தாஸ் அண்ணன், லூர்து மேரி. அவ்வளவுதான். ஃபாதர் அங்கே இல்லை. அவர் உள்ளே பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அன்று பீடத்துக்கு முன்னால் நடந்த குழப்பத்துக்கெல்லாம் ஃபாதர்தான் காரணம் என்று எங்கள் ஈஜிபுராவில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் பேசும்போது நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை.

பெரிய வியாழக்கிழமை. ஆறு மணிப் பூசைக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. லூர்து குழாய்த் திட்டில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். வாடாமல்லி நிறச் சேலை. பக்கத்தில் ஒரு ஜோடி புதுச் செருப்பு.

“நல்லா இருக்காக்கா? காலைலேருந்து இதே வேலதான்” என்றாள்.

சந்தோஷமாகத்தான் கேட்டாள். நான் அவள் குதிகாலைப் பார்த்தேன்.

பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அம்மா போன மாதம் கடிதம் போட்டிருந்தார். ‘நீங்கள் எதைப் பற்றி எழுதினாலும் கடைசியில் நீங்கள் நல்லவராகிவிடுகிறீர்கள்’ என்று. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் கவலைப்படுவதுதான் முதல் வேலை, தையல் இரண்டாவது வேலை. ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கழுவிய கால்களைக் கழுவுவது

கோயில் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இயேசு தன் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவோம். குனிந்து, தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துண்டால் துடைப்பார். வீட்டு வேலைக்காரன் செய்கிற வேலையை ஆண்டவர் செய்தார் என்பதுதான் விஷயம்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலில், இதற்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. கழுவப்பட வருகிறவர்கள் முன்னாலேயே கழுவிக்கொண்டு வர வேண்டும். நகம் வெட்டி, குதிகால் தேய்த்து, சிலர் பவுடரே போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் ஒருவர் காலுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்ததில், பழைய சாமியார் குனிந்தவுடன் நாலு தும்மல் தும்மினார்.

ஜாடி, தாம்பாளம், துண்டுகள் எல்லாம் என் பொறுப்பு. துண்டுகளுக்கு ஓரம் அடித்ததே நான்தான். பூசை முடிந்ததும் தாம்பாளத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்போது தாஸ் அண்ணன் ஒவ்வொரு வருஷமும் ஒரே ஜோக்கைச் சொல்வார். “ஞானம்மா, இத திருப்பி ஜாடில ஊத்தி அடுத்த வருஷத்துக்கு வெச்சிக்கலாம். ஒரு பொட்டு அழுக்கு இருக்கா பாரேன்?”

நாற்காலிகளில் உட்காருகிறவர்களும் அந்தத் தண்ணீர் மாதிரித்தான். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள், கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர். பூசை முடிந்து ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டியும் ஒரு கவரும் கொடுப்போம். கவரை அவர்கள் அப்படியே உண்டியலில் போட்டுவிடுவார்கள். பணம் கோயிலிலிருந்து கிளம்பி கோயிலுக்கே வந்து சேரும்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள்

அப்புறம் புது ஃபாதர் வந்தார். கொரோனா முடிந்து ஜனங்கள் மறுபடி கோயிலை நிரப்ப ஆரம்பித்திருந்த சமயம். ஒல்லியான மனிதர், கிருஷ்ணகிரிப் பக்கம். மைக்கில் கத்த மாட்டார். மெதுவாகப் பேசுவார், அதனால் குழந்தைகள் அழுதால் தாய்மார்கள் வெளியே ஓடுவார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில், சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும், வேலையைப் பற்றி மட்டுமே பேசினார். முதல் வெள்ளி, திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள். விடிகாலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளியின் கதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த முதலாளிமேல் கோபம். நியாயமே இல்லையே என்று.

ஃபாதர் சொன்னார்: “நம்ம சிக்னல்கிட்ட காலைல போய்ப் பாருங்க. டிபன் டப்பாவோட நிக்கிறாங்க இல்ல, கூலிக்கு? பத்து மணிக்கு மேலயும் நிக்கிறவங்கள ஒருநாள் நின்னு பாருங்க. அவங்க சும்மா நிக்கல. பசியோட, யாராவது கூப்பிடுவாங்களான்னு நிக்கிறது, மண்வெட்டி பிடிக்கிறத விட கஷ்டமான வேல. அதுக்குத்தான் அந்த முதலாளி கூலி குடுத்தாரு.”

ஐம்பது வருஷக் கோபம் அன்றைக்குப் போயிற்று.

மூன்றாவது வெள்ளி, தர்மம். “உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு சம்பளத்துல ஐநூறு பாக்கி வெச்சிட்டு, இங்க வந்து உண்டியல்ல நூறு போடறீங்க. அந்த நூறு யாரோடது? குடுக்க வேண்டியத மொதல்ல குடுங்க. தர்மம் அதுக்கு அப்புறம். பாக்கிய தர்மம்னு பேரு மாத்திக் குடுக்காதீங்க, ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும்.”

கோயிலே ஒரு நெளிவு நெளிந்தது. ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் தன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டினேன். எனக்கு வேலைக்காரி கிடையாது. அதனால் அந்தப் பிரசங்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். “இந்த வருஷம் பன்னிரண்டு பேரும் உடம்பால உழைக்கிறவங்களா இருக்கட்டும்மா. பெண்களும் வரட்டும். பேரும் வேலையும் எழுதிக் குடுங்க, நான் பிரசங்கத்துல சொல்றேன்.”

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஃபாதர் கையில் போகிற எழுத்து என்று மூன்று தாள் கிழித்து, நாலாவது தாளில் எழுதினேன். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், ஆட்டோக்காரர். ஆறாவது வரியில்: லூர்து மேரி, தெருக் கூட்டுபவர்.

தூண்

லூர்து எங்கள் தெருவின் பௌரகார்மிகர். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வது. விடியும் முன்னே வருகைப் பதிவில் ஹாஜரி போட்டுவிட்டு, கோயில் கேட்டிலிருந்து கறிக்கடை முக்கு வரைக்கும் கூட்டுவாள். ஒன்பது வருஷமாக. ஞாயிற்றுக்கிழமையும் வேலையிலிருந்து அப்படியே பூசைக்கு வருவாள். யூனிபார்ம் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பாள். உட்கார மாட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னபோது விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சும்னே வெளையாடாதீங்கக்கா” என்றாள்.

“நெஜமாத்தான். ஆறாவது நாற்காலி.”

“ஆறாவதுன்னா நடுவுலயா?”

“நட்ட நடுவுல.”

கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “ஒரு வாட்டி முன்னாடி உக்காந்து பூச பாக்கணும்க்கா. சாமியாரு முகத்த நேரா பாத்து. இத்தன வருஷமா எனக்கு அந்தத் தூண்தான் தெரியும். தூண்ல எத்தன ஓட்டன்னு கேளுங்க, சொல்றேன்.”

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு மணி நேரம், முன்னால், உட்கார்ந்து.

நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். “கால மட்டும் நல்லா கழுவிட்டு வா லூர்து. குதிகால் வெடிப்பு கிடிப்பு இல்லாம, சுத்தமா இருக்கணும். ஃபாதர் கையால தொடறாரு பாரு.”

கையைக் காட்டு

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். என்னை நியாயப்படுத்த இல்லை.

நாங்கள் அப்போது தண்டுப் பக்கம், கண்டோன்மென்ட் ரயில் பாதைக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பாவுக்கு வேலை இருந்த மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கோயில் வராந்தாவில் பால் பவுடரும் கோதுமையும் கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா கையில் அளவுகோலுடன் வருவார். “கையக் காட்டு.” கையை நீட்ட வேண்டும், முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. நகத்தில் அழுக்கு இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடைசிக்குப் போனால் பவுடர் தீர்ந்துவிடும்.

நான் வரிசையில் நிற்பதற்கு முன் நகத்தைப் பல்லால் கடித்தே சுத்தம் செய்வேன். ஒருமுறை விரல் நுனியில் ரத்தம் வந்து, அதையும் அழுக்கு என்று சொல்லிப் பின்னால் அனுப்பினார்கள். வீட்டில் தம்பிக்குக் கஞ்சி இல்லை.

அந்த அம்மாவை நாற்பது வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

குழாயடி

லூர்துவின் வலது குதிகாலில் வெடிப்புகள் திறந்து, சிவப்பாக இருந்தன. ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“என்ன லூர்து, ரத்தம் வருது?”

“ஸ்வல்பதாங்க்கா. நீங்கதான வெடிப்பு இருக்கக்கூடாதுன்னீங்க? வெந்நில ஊறவெச்சி, கல்லால தேச்சி, வேசலின் போட்டு, மறுபடி தேச்சி. மூணு வாட்டி. இன்னிக்கி வேலைக்கே போகல.”

தாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். “கால தேச்சியா, தரைய தேச்சியா?”

“ரெண்டுக்கும் ஒரே கல்லுதாண்ணா எங்க வீட்டுல” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தலைக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துண்டில் ரத்தம். ஃபாதர் விரலில் ரத்தம். முன் வரிசையில் போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்களே, அதில் ரத்தம். ‘யாரும்மா இவங்கள கூட்டி வந்தது?’ என்று பேரவைக்காரர்கள் கேட்பார்கள். பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது.

“ஒரு பிளாஸ்திரி ஒட்டி, இன்னொரு கால நீட்டச் சொல்லு. ஒரு கால்தானே கழுவறாரு” என்றார் தாஸ் அண்ணன்.

“இந்தக் கால் பரவால்லக்கா, பாருங்க” என்று லூர்து இடது காலை நீட்டினாள்.

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். என் கண் அதற்குள் கேட்டுப் பக்கம் போயிருந்தது. என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பூசைக்காகச் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டுக்கொண்டு, யூனிபார்ம் பேண்ட்டோடு நேராக வந்திருந்தார். நாள் முழுக்க ஷூவுக்குள் இருக்கும் கால். வெயிலே படாத கால்.

“ஏங்க, ஷூவ கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க. நேரமில்ல.”

சாக்ஸைக் கழற்றியதும் தாஸ் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். “பூசைக்கு சாம்பிராணி தேவையே இல்ல இன்னிக்கி.” அந்தக் காலை நானே குனிந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். லூர்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்: “காயம் ஆறட்டும் லூர்து. நீ அடுத்த வருஷம் உக்காரு.”

அவள் சேலையை இறக்கிவிட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் எனக்கு வேற கால் வருமாக்கா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். மணி அடித்தது. நான் ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பட்டியல்

அந்தப் பட்டியலை நான் மறந்தே போனேன்.

பிரசங்க நேரத்தில் ஃபாதர் நாலாக மடித்த என் தாளை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இங்க உக்காந்திருக்கிற பன்னிரண்டு பேரும், நாம கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி வேலைக்குப் போனவங்க” என்று ஆரம்பித்து, ஒவ்வொருவராகச் சொன்னார். வாட்ச்மேனின் கால் இரவெல்லாம் நின்ற கால். இஸ்திரிக்காரரின் கால், கரிப்பெட்டிச் சூட்டில் நின்ற கால். ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள்.

“ஆறாவதா உக்காந்திருக்கிறது லூர்து மேரி. இந்தத் தெருவ கூட்டுறவங்க. நாமெல்லாம் சுத்தமான காலோட இந்தக் கோயிலுக்குள்ள வர்றோம்னா, அதுக்குக் காரணம் இந்த அம்மாவோட கால் அழுக்கானது. அந்தக் கால...”

தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஆறாவது நாற்காலியில் என் வீட்டுக்காரர், மீசையோடு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்னால் வரை போயிற்று.

“லூர்து மேரி எங்கே?” என்றார் ஃபாதர்.

சேவியர் என்னைப் பார்த்தார். நான் பீடத்தின் ஓரத்தில் ஜாடியோடு நின்றிருந்தேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் வாடாமல்லி நிறம் எனக்குத் தெரிந்தது. ‘அதோ இருக்காங்க ஃபாதர்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். நாற்காலி ஒன்று கூடப் போடலாம். பதின்மூன்று பேர் உட்கார்ந்தால் வானம் இடிந்துவிடாது. நான் தலையை லேசாக, இல்லை என்று ஆட்டினேன். பெரிய ஆட்டம்கூட இல்லை.

“வரல ஃபாதர்” என்றார் என் வீட்டுக்காரர்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் மாறிவிட்டது. “வரலையா... பாத்தீங்களா? அவங்களுக்காகப் போட்ட நாற்காலில வந்து உக்காரக்கூட அவங்களுக்கு வேலை விடல. நாம இங்க உக்காந்து அன்பப் பத்திப் பேசறோம். அவங்க இன்னும் எங்கயோ நம்ம குப்பைய வாரிட்டிருக்காங்க.” சிரித்தவர்களே இப்போது கண்ணைத் துடைத்தார்கள். “வர முடியாத அந்த சகோதரிக்காக எல்லாரும் எழுந்து ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்க.”

எழுந்து சொன்னார்கள். கோயில் நிறைந்த ஜனம். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் சொன்னார்கள், அவள்தான் லூர்து மேரி என்று தெரியாமல். ஒன்பது வருஷம் அவர்கள் வாசலைக் கூட்டியிருக்கிறாள், பேர் யாருக்கும் தெரியாது.

ஜெபம் முடிந்து நான் தலையைத் தூக்கியபோது தூணுக்குப் பக்கத்தில் அவள் இல்லை.

கவர்

அடுத்த நாள் பெரிய வெள்ளி. விடிந்ததும் விடியாததுமாக, சேவியருக்குக் கொடுத்த ரொட்டியையும் கவரையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். லூர்து கறிக்கடை முக்கில் இருந்தாள். வலது காலை ஊன்றாமல், விளக்குமாற்றில் பாரம் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“லூர்து, இது உனக்கு வரவேண்டியது. ஆயிரம் ரூபா இருக்கு.”

“எனக்கு எப்படி வரும்? அது கால் கழுவிக்கிட்டவங்களுக்கு. எனக்கு யாரு கழுவினா?”

“மனசுல வெச்சிக்காத. நான் பயந்துட்டேன். ரத்தத்தப் பாத்ததும்...”

“உங்களுக்குப் பயம்னு தெரியும்க்கா. நான் வரலன்னு ஏன் சொன்னீங்க? எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, கால் நாறுதுன்னு சொல்லுங்க. வந்தவள வரலன்னு சொல்லிட்டீங்களே.”

கவரை மறுபடி நீட்டினேன். அதை அவள் தொடவில்லை.

“கவர் வேணாம். கணக்கு சொல்றேன், அத குடுங்க. லீவு போட்ட நாள் கூலி அறுநூத்தம்பது. மத்த நாள் ஹாஜரில கை வெக்காம இருக்க மேஸ்திரிக்கு இருநூறு. செருப்ப நான் போட்டுக்கறேன், அத விடுங்க. எண்ணூத்தம்பது.”

பர்ஸில் முந்நூறுதான் இருந்தது. கொடுத்தேன். எண்ணி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மீதிய உங்களால முடியும்போது குடுங்க. போன்ல எல்லாம் அனுப்ப வேணாம். கையில குடுங்க.”

என் வீட்டுக்காரர் அந்தக் கவரை ஈஸ்டர் அன்று உண்டியலில் போட்டுவிட்டார். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அரிசி, சேலை

ஐந்நூற்று ஐம்பது ரூபாய் என்னால் முடியாத தொகை இல்லை. நாலு ரவிக்கை தைத்தால் வந்துவிடும்.

ஈஸ்டர் முடிந்து பத்து கிலோ அரிசி வாங்கி அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் அப்போது வேலையில் இருந்தாள். மறுநாள் தெருவில் பார்த்தபோது சொன்னாள்: “அரிசிய பக்கத்து வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டேன்க்கா, உங்க பேரச் சொல்லி. பாவம், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. நம்ம பாக்கி அப்படியே இருக்கு.”

கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்தேன். ஓரம் அடித்து, ரவிக்கையும் தைத்துக் கொடுத்தேன், அளவு கேட்காமலே, கண் அளவில். “நல்லா இருக்குக்கா” என்று வாங்கிக்கொண்டாள். “இது தர்மமா, பாக்கியா?” என்று கேட்டாள். நான், “ரெண்டும்னு வெச்சிக்கோ” என்றேன். சேலையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். ஃபாதர் தன் வியாழக்கிழமைப் பிரசங்கத்தை நினைத்திருப்பார் போல. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். “அவங்களுக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டீங்களாம்மா?”

“குடுத்துட்டேன் ஃபாதர்.”

அரிசி, சேலை எல்லாம் கூட்டினால் ஐந்நூற்று ஐம்பதுக்கு மேலேயே வரும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலில் இருந்தபடியே பொய் சொன்னேன். அதற்கப்புறமும் ஒவ்வொரு பூசையிலும் வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹெப்பகோடி

லூர்து ஒரு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு ஹெப்பகோடிக்குப் போய்விட்டாள். அவள் தங்கை அங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறாள். லூர்துவுக்கும் கம்பெனி கேண்டீனில் வேலை. ஃபாதருக்கும் மாற்றலாகிவிட்டது. எங்கள் கோயிலில் பழையபடி பேரவைக்காரர்கள் உட்காருகிறார்கள். துண்டுக்கு நான்தான் ஓரம் அடிக்கிறேன்.

போன மாதம் துணிந்து பஸ் ஏறினேன். ஐந்நூறு ஒன்று, ஐம்பது ஒன்று, மடிக்காத நோட்டாகத் தேடி பர்ஸில் தனியாக வைத்திருந்தேன். வெறும் கையோடு எப்படிப் போவது என்று இறங்கிய இடத்தில் ஒரு கிலோ ஆப்பிளும் வாங்கினேன்.

வரிசை வீடுகள். லூர்து வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். “அய்யோ, ஞானம் அக்கா! இவ்ளோ தூரம் வந்தீங்களா? உக்காருங்க உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஆப்பிளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மனசு லேசானது மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண், பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு பூக் கோர்த்துக்கொண்டிருந்தவள், “யாரு லூர்து, சொந்தமா?” என்று கேட்டாள்.

“இல்ல. இவங்க எனக்குக் காசு தரணும்.”

“பார்றா! இந்தக் காலத்துல வாங்கினவங்க வீடு தேடி வந்து குடுக்கறாங்களா? என்ன காசு அது?”

லூர்து துணியை உதறினாள். என்னைப் பார்த்தாள். “அக்காவே சொல்வாங்க” என்றாள்.

பர்ஸின் ஜிப் பாதி திறந்திருந்தது. அந்தப் பெண் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரே வரிதான். ‘இவள் வந்திருந்தாள், இவள் வரவில்லை என்று நான் சொல்லவைத்தேன், அதற்கான காசு.’ இவ்வளவு பக்கம் இங்கே எழுதிவிட்டேன். அங்கே அந்த ஒரு வரி வரவில்லை.

“பஸ்சுக்கு நேரமாச்சு லூர்து” என்று எழுந்துவிட்டேன்.

“டீ போடறேனேக்கா” என்றாள். அதற்கு மேல் நிறுத்தவில்லை.

இரண்டு நோட்டும் பர்ஸில் அப்படியே இருக்கின்றன. மற்ற செலவுக்கு அவற்றை எடுப்பதில்லை. லூர்து மேரிக்கு நான் தர வேண்டிய பாக்கி ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.